பணம் கட்டி வாங்கிய மென்பொருளை ஆன்டிவைரஸ் பிடிக்கிறது, நம்பி நிறுவலாமா?

வரைபலகை:
வணக்கம். இரும்புக் கட்டுமானங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. மொத்தம் பத்துக் கணினிகள். ஐடிக்கு என்று தனி ஆள் கிடையாது, எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பல வருடமாக லைசென்ஸ் வாங்கிப் பயன்படுத்தும் ஒரு மென்பொருளின் புதிய பதிப்பை நேற்று நிறுவப் போனேன், பாதியிலேயே விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இரண்டு கோப்புகளைப் பிடித்து குவாரன்டைனில் போட்டுவிட்டது. ஒன்று செட்டப் கோப்பு, அதற்கு 'வகடாக்' என்று ஏதோ ட்ரோஜன் பெயர் சொல்லி, கடைசியில் '!எம்எல்' என்று காட்டுகிறது. இன்னொன்றுக்கு ஹேக்டூல் என்று வருகிறது. செட்டப் கோப்பை, பல ஆன்டிவைரஸ்களில் ஒன்றாகச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்த்ததில் எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களில் 6 சிவப்பு.

டீலரைக் கேட்டால், "எல்லாருக்கும் வருவதுதான் சார், ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு நிறுவுங்கள், அப்புறம் ஆன் செய்துகொள்ளலாம்" என்கிறார். போன மாதம் ஒரு கணினியில் அவரே ரிமோட்டில் வந்து அப்படித்தான் நிறுவிக் கொடுத்தார், அது இன்றுவரை நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் வாடிக்கையாளர்களின் வரைபடம் எல்லாம் எங்கள் சர்வரில் இருக்கிறது, மனது ஒப்பவில்லை. 6 என்பது பயப்பட வேண்டிய எண்ணிக்கையா?

நேர்கோடு:
6 என்றால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். அந்த ஆறும் ஆறு தனித்தனித் தீர்ப்புகள் என்றும் நினைக்காதீர்கள், பிட்டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸின் எஞ்சினை வாங்கித் தங்கள் பெயரில் ஓட்டும் ஆன்டிவைரஸ்கள் பல இருக்கின்றன, அது ஒன்று தவறாகச் சொன்னால் மற்றவையும் கூடவே சிவப்பாகிவிடும். பெயரின் கடைசியில் உள்ள 'எம்எல்' என்பது மெஷின் லேர்னிங். அதாவது இந்த வைரஸ்தான் என்று அடையாளம் கண்டு சொல்லவில்லை, பார்க்க அந்த மாதிரி இருக்கிறது என்று ஊகித்துச் சொல்கிறது.

தவறான எச்சரிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010 ஏப்ரல் ஒரு உதாரணம். மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்து, உலகம் முழுக்கக் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. 2022 செப்டம்பரில் டிஃபெண்டரே குரோமையும் எலெக்ட்ரான் என்ற கட்டமைப்பில் எழுதிய செயலிகளையும் வைரஸ் என்று சொன்னது.

பழைய நிரலர்:
தொழில்முறை மென்பொருள் எழுதும் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். திருட்டு நகலைத் தடுக்க நாங்கள் எக்ஸி கோப்பை விஎம்ப்ரொடெக்ட், தெமிடா மாதிரியான கருவிகளில் போட்டுப் பூட்டுவோம். வைரஸ் எழுதுகிறவர்களும் ஒளிந்துகொள்ள இதே கருவிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். டாங்கிள் என்ற யுஎஸ்பி லைசென்ஸ் சாவியின் டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் வரை இறங்கும், லைசென்ஸ் பகுதி, நிரலை உள்ளே பிரித்துப் பார்க்கும் டீபக்கர் ஓடுகிறதா என்று நோட்டம் விடும், இதையெல்லாம் வெளியிலிருந்து பார்க்கிற ஆன்டிவைரஸுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். லட்சக்கணக்கானோர் பதிவிறக்கும் கோப்புக்கு நல்ல பெயர் தானாகச் சேர்ந்துவிடும், உலகத்தில் சில ஆயிரம் பேர் மட்டும் பயன்படுத்தும் கோப்புக்கு அது சேராது, அதனாலும் அடி விழும்.

ஆனாலும் ஆஃப் செய்துவிட்டு நிறுவச் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். எங்கள் மென்பொருள் மாட்டியபோது மைக்ரோசாஃப்டுக்குக் கோப்பை அனுப்பி ஆராயச் சொல்லித் திருத்த வைத்தோம், அதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் தயாரிப்பாளர். உங்களைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வது அதற்கு மாற்று இல்லை.

எத்தனை சிவப்பு என்று எண்ணுவதை விடுங்கள். இந்தக் கோப்பு தயாரிப்பாளர் கையிலிருந்து வந்த அதே கோப்புதானா? முதலில் அதைப் பாருங்கள். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர், அதாவது தயாரிப்பாளரின் கையொப்பம், இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, செல்லும் என்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' கட்டளை கொடுத்தால் எஸ்எச்ஏ-256 ஹேஷ் எண் வரும், கோப்பின் கைரேகை மாதிரி, அதைத் தயாரிப்பாளருக்கே எழுதிக் கேளுங்கள், டீலரிடம் அல்ல. ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு கோப்பு.

இன்னொன்று, வைரஸ்டோட்டலில் ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். செட்டப் கோப்பு என்றால் பரவாயில்லை, வாடிக்கையாளரின் வரைபடத்தைத் தப்பித் தவறிக்கூட ஏற்றிவிடாதீர்கள். ஹேஷ் எண்ணை மட்டும் அங்கே தேடினாலே பல சமயம் போதும்.

இரவுக்காவல்:
மேலே சொன்னது எல்லாம் சரி, கையொப்பம் இருந்தால் முடிந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற தொலைபேசிச் செயலியை சென்டினல்ஒன் என்ற பாதுகாப்பு மென்பொருள் பிடித்தது. நிறுவனமே கையொப்பமிட்ட அப்டேட், அதனால் பயனர்கள் பலர் தவறான எச்சரிக்கை என்று நினைத்தார்கள். சுமார் ஒரு வாரம் கழித்துதான் நிறுவனத்துக்குள்ளேயே புகுந்து அப்டேட்டில் தீநிரலைக் கலந்திருக்கிறார்கள் என்பது உறுதியானது. 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிசிக்ளீனர் 5.33க்கும் இதே கதிதான், அதுவும் முறையான கையொப்பத்தோடு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்விட்டது.

அதனால் நான் பார்ப்பது எச்சரிக்கை எப்போது தொடங்கியது என்பதை. வருடக்கணக்காக ஒரே கோப்புக்கு ஒரே எச்சரிக்கை, தயாரிப்பாளரும் காரணத்தை எழுத்தில் சொல்லியிருக்கிறார் என்றால் ஒரு மாதிரி. இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று கத்துகிறது என்றால் அது வேறு, சில நாள் பொறுத்து அதே கோப்பை மறுபடி சோதித்துப் பாருங்கள். பழைய பதிப்பில் ஒரு வாரம் வேலை செய்வதால் ஒன்றும் குறைந்துவிடாது.

வைரஸே இல்லாமல் ஓட்டை உள்ள டிரைவராக இருப்பதாலும் எச்சரிக்கை வரும். விசிறி வேகம், வெப்பநிலை பார்க்கும் செயலிகளில் வரும் வின்ரிங்0 டிரைவர் அப்படித்தான், அதை எழுதியவர்கள் நல்லவர்கள், ஆனால் அந்த ஓட்டை வழியாக வேறு யாரும் கெர்னலுக்குள் நுழைய முடியும்.

எல்லோரும் முதல் கோப்பைப் பற்றியே பேசுகிறோம். ஹேக்டூல் என்று வந்த அந்த இரண்டாவது கோப்பின் பெயர் என்ன, அது எங்கிருந்து வந்தது?

வரைபலகை:
எல்லோருக்கும் மிக்க நன்றி. தயாரிப்பாளருக்கு நேரடியாக எழுதினேன், ஒரே நாளில் பதில் வந்துவிட்டது. செட்டப் கோப்பின் ஹேஷ் அவர்கள் தந்த எண்ணோடு அப்படியே பொருந்துகிறது, கையொப்பமும் அவர்கள் பெயரில்தான். லைசென்ஸ் பகுதியைப் பூட்டியிருப்பதால் வரும் எச்சரிக்கை, மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது கோப்பு எங்களுடையதே இல்லை என்றும் சொல்கிறார்கள். 'லைசென்ஸ் ஃபிக்ஸ்' என்ற பெயரில் ஒரு சின்ன எக்ஸி, டீலர் டிரைவ் லிங்க்கில் அனுப்பிய ஜிப்புக்குள் இருந்தது. கையொப்பம் கிடையாது. நீங்கள் கேட்ட பிறகு ஹேஷை வைரஸ்டோட்டலில் தேடினேன், 31 சிவப்பு. டீலர் என்னவோ மழுப்புகிறார். போன மாதம் அவர் நிறுவிய கணினியில் இந்தக் கோப்பு ஓடியிருக்கிறது, அதுதான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. ஸ்கேன் செய்து நீக்கினால் போதுமா?

இரவுக்காவல்:
போதாது. இப்போதே அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விட வேண்டியவற்றின் விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள், ரிமோட்டில் வந்தவர் சி டிரைவ் முழுவதையும் அதில் சேர்த்திருந்தால் ஸ்கேன் சுத்தம் என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. ரிமோட் செயலியில் அவருடைய அனுமதி இன்னும் இருந்தால் நீக்குங்கள். அந்தக் கணினியில் தட்டச்சு செய்த எல்லாக் கடவுச்சொற்களையும், முக்கியமாக மின்னஞ்சலும் வங்கியும், வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள். வரைபடக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். சர்வரில் அந்தக் கணினியின் கணக்கு எங்கெல்லாம் எழுத முடியும் என்று பார்த்து, அந்த ஃபோல்டர்களின் பேக்கப்பைத் தனி டிஸ்கில் எடுத்துக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பழைய நிரலர்:
அந்த எக்ஸியை அழித்துவிடாமல் கடவுச்சொல் போட்ட ஜிப்பாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், டீலர் அனுப்பிய மின்னஞ்சலும் வேண்டும். இரண்டையும் தயாரிப்பாளருக்கு அனுப்பி, உங்கள் லைசென்ஸ் அவர்கள் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையான லைசென்ஸ் உள்ளவருக்கு எதற்கு 'ஃபிக்ஸ்' என்பது எனக்குப் புரியவில்லை. இத்தனை வருடம் நீங்கள் கட்டிய பணம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே இனிமேல்தான் தெரியவரும்.

வரைபலகை:
கேபிளைப் பிடுங்கிவிட்டேன். விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதும் இருந்தது.