இடது காலில் கம்பி, வலது காலில் திருகு

டாக்டர் "பனியன்" என்றதும் குனிந்து என் சட்டைக்குள்தான் பார்த்தேன். பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, அடிமூட்டு வெளியே துருத்துவதற்கு அப்படி ஒரு பெயராம். புடைப்பைச் செதுக்கினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எலும்பையே வெட்டி, நகர்த்தி, ஒட்டும்வரை அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். அதை எதனால் பிடிக்கிறார்கள் என்பதில்தான் அடுத்த இரண்டு மாத வாழ்க்கையே இருக்கிறது.

இடது காலில் கம்பி. மெல்லிய ஸ்டீல் கம்பியின் நுனி தோலுக்கு வெளியே வளைந்து நிற்கும். ஐந்து வாரம் கால் நனையக் கூடாது. போர்வை அதில் மாட்டும்போதெல்லாம் உயிர் போகும். நாலாவது வாரம் கம்பி நுழைந்த இடத்தில் நீர் கசிந்து, ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். எடுக்கும் நாளை நினைத்துத் தூங்கவில்லை. குறடால் ஒரு இழு, முடிந்தது!

ஆறு வருடம் கழித்து வலது கால். ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, தலையில்லாத ஒரே ஒரு டைட்டானியம் திருகு. இரண்டு முனையிலும் மரையின் இடைவெளி வேறுவேறு என்பதால், முறுக்க முறுக்க எலும்புத் துண்டுகள் நெருங்கிக்கொள்ளுமாம். மறுநாளே கெட்டியான அடி வைத்த செருப்போடு குதிகாலில் நடந்தேன். வெளியே எதுவும் தெரியாததால் குணமாகிவிட்டது என்று மூன்றாவது வாரமே வீடு முழுக்கச் சுற்றி, வீக்கத்தை வாங்கிக்கொண்டேன். திருகு இருந்தாலும் எலும்பு ஒட்ட ஆறு வாரத்துக்கு மேல் ஆகத்தான் செய்தது. வீக்கம் முழுதாக வடிய ஐந்து மாதம்.

பதில்: நீங்கள் கொடுத்துவைத்தவர் சார். எனக்கு நடுப்பாதத்து மூட்டே தளர்வு என்று அதை இறுக்கி ஒட்டவைத்துப் பிளேட் போட்டார்கள். ஆறு வாரம் ஊன்றுகோல்தான், கால் தரையில் படக் கூடாது. சிகரெட்டை நிறுத்தினால்தான் அறுவை என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். புகைத்தால் எலும்பு ஒட்டாமலே போகலாமாம். அப்புறம் ஷூ லேஸ் கட்டும் இடத்தில் பிளேட் உறுத்த, ஒரு வருடத்தில் அதையும் எடுத்தாயிற்று.

பதில்: எனக்குக் கரையும் மெக்னீசியத் திருகு. எக்ஸ்ரேயில் அதைச் சுற்றிக் கருநிழலைப் பார்த்து, எலும்பு அரித்துவிட்டதோ என்று நடுங்கிப்போனேன். கரையும்போது வரும் வாயுவாம். இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்!

பதில்: சார், அந்தக் கம்பியை எடுக்கும்போது மரத்துப்போக ஊசி போட்டார்களா? எனக்கு வியாழக்கிழமை.

பதில்: இல்லை அம்மா. கொஞ்சம் பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.