குடல் புண் இருக்கற தம்பிக்கு இப்ப இடுப்பு வலி, கண்ணு செவப்பு... ஒண்ணுக்கொண்ணு சம்மந்தம் இருக்கா?

கெடிலக்கரை:
தம்பிக்கு 27 வயசு, சிப்காட்ல ஷிப்ட் வேலை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு (பெருங்குடல்ல அழற்சியாகி புண்ணாவுறது) கொலோனோஸ்கோபில கண்டுபுடிச்சு மெசலமின் மாத்திர போயிட்டிருக்கு, ரத்தம் போறதெல்லாம் நின்னு நல்லாதான் இருந்தான். கொஞ்ச மாசமா காலைல எழுந்தா இடுப்பு கட்டையா புடிச்சிக்குது, நடந்து வேலைய பாத்தா விடுது, சும்மா படுத்திருந்தா ஜாஸ்தியாவுது. எலும்பு டாக்டர் ஒருத்தர் எக்ஸ்ரே பாத்துட்டு தேய்மானம்னாரு, வயித்து விஷயத்த சொன்னா அது வேற இது வேறன்னுட்டு டைக்ளோஃபெனாக் எழுதி குடுத்தாரு, வலி கொறஞ்சுது ஆனா மோஷன்ல திரும்ப ரத்தம். இப்ப முந்தாநாள்லேர்ந்து இடது கண்ணு மட்டும் செவந்து வலிக்குது, லைட்ட பாத்தா கூசுது. அம்மா மெட்ராஸ் ஐங்கறாங்க. மூணும் தனித்தனி வியாதியா?

வில்லியனூர் அக்கா:
தம்பி, மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல கண்ண காட்டுங்க, இன்னிக்கே. மெட்ராஸ் ஐனா பூளை தள்ளும், உறுத்தும், பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் தாவும். வலி, கூச்சம், மங்கல்னா யுவியைட்டிஸா இருக்கலாம், உள்கண்ணுல வர்ற அழற்சி, விட்டா பார்வையே பாதிக்கும். என் வீட்டுக்காரருக்கு க்ரோன்ஸ், அதுவும் குடல் அழற்சி வியாதிதான், அவருக்கு இப்படித்தான் வந்துச்சு, நாங்களும் மெட்ராஸ் ஐன்னுதான் நெனச்சோம். தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி உங்களுக்கு பாண்டி வர்ற வழிதான். மெடிக்கல்ல கேட்டு எந்த சொட்டு மருந்தும் ஊத்தாதீங்க, அதுல ஸ்டீராய்டு கலந்திருந்து கண்ணுல இருக்கறது வைரஸா இருந்தா இன்னும் மோசம்.

முதுநகர் மாமா:
எல்லாம் உடம்பு சூடு. நைட் ஷிப்ட் பாத்தா இப்படித்தான் ஆவும். வெந்தயத்த மோர்ல ஊறவெச்சு குடிக்க சொல்லுங்க, சனிக்கெழம எண்ணெ தேச்சு குளிக்கட்டும்.

கோரிமேடு லேப்:
மாமா, மோர் குடிக்கட்டும் யாரு வேணாங்கறா, ஆனா இது சூடு இல்ல. கொலைட்டிஸ், க்ரோன்ஸ் ரெண்டும் குடல்ல மட்டும் நிக்கற வியாதி இல்லீங்க, உடம்போட எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கறது, அதனால மூட்டு, முதுகெலும்பு, கண்ணு, தோலு, கல்லீரல் பித்தக்குழாய் வரைக்கும் போவும், ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்காவது குடலுக்கு வெளிய ஏதாவது ஒண்ணு வருது. காலைல அரை மணிக்கு மேல இறுக்கமா இருந்து நடந்தா விடற இடுப்பு வலி தேய்மானத்தோட குணமே இல்ல, அதுவும் 27 வயசுல. முட்டி கணுக்கால் வீங்குறது பெரும்பாலும் வயிறு மோசமாவும்போது கூடவே வரும், முதுகெலும்பு வலி அப்படி இல்ல, வயிறு அமைதியா இருந்தாலும் அது பாட்டுக்கு போவும். அதனாலதான் ரெண்டையும் யாரும் சேத்து பாக்கறதில்ல. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது, எம்ஆர்ஐல இடுப்பெலும்பும் முதுகெலும்போட அடிப்பகுதியும் சேர்ற மூட்ட பாக்கணும், எச்எல்ஏ பி27னு ஒரு மரபணு டெஸ்டும் கேப்பாங்க.

டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திர இந்த வியாதிக்காரங்களுக்கு குடல கெளறிவிடும், குடல் டாக்டர கேக்காம போடக்கூடாது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு), லிவர் டெஸ்டும் பாத்துருங்க. குடல் அழற்சி ஏறியிருக்கற நேரத்துல ஒரு காலு மட்டும் வீங்கி வலிச்சா ரத்தம் கட்டியிருக்கலாம், அப்ப நேரா எமர்ஜென்சிதான்.

கெடிலக்கரை:
அக்கா சொன்ன மாதிரி போயிட்டு வந்தோம், யுவியைட்டிஸேதான். சொட்டு மருந்து குடுத்திருக்காங்க, எத்தன நாளைக்கு ஒருதடவ எப்படி கொறைக்கணும்னும் எழுதியிருக்காங்க. வயித்த பத்தி அவங்களே கேட்டாங்க! டைக்ளோஃபெனாக்க நிறுத்திட்டோம், நாளைக்கு குடல் டாக்டர்கிட்ட. ஊசி போடணும்னு சொல்லுவாங்களோ? அம்மா பயப்படறாங்க.

வில்லியனூர் அக்கா:
வந்தாலும் வரலாம். என் வீட்டுக்காரருக்கு அடாலிமுமாப்னு ஊசி போவுது, குடலு மூட்டு கண்ணு மூணுக்கும் அதேதான். ஆனா எடானர்செப்ட்னு இன்னொரு ஊசி மூட்டுக்கு கேக்கும், குடலுக்கு கேக்காது, அதனால மூட்டு டாக்டர தனியா பாத்தா குடல் விஷயத்த மொதல்லயே சொல்லிடுங்க. ஊசிக்கு முன்னாடி உள்ள ஒளிஞ்சிருக்கற டிபி இருக்கான்னு டெஸ்ட் எடுப்பாங்க, அது எல்லாருக்கும் எடுக்கறது, அம்மாவ பயப்பட வேணாம்னு சொல்லுங்க. கண் சீட்டு, கொலோனோஸ்கோபி ரிப்போர்ட், பயாப்சி, பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு எடுத்துட்டு போங்க.