கெக்கில் இருந்து முக்கால் கிளாஸ் நுரைதான் வருகிறது. அழுத்தமா, குழாயா?

பேஸ்மெண்ட்காரன் (டொராண்டோ):
வீட்டில் காய்ச்சும் பீருக்குப் பாட்டிலை விட்டு இப்போதுதான் கெக்குக்கு (ஸ்டீல் பீப்பாய்) மாறியிருக்கிறேன். 19 லிட்டர் பால் லாக் (ball lock, கனெக்டரை அழுத்தி மாட்டும் வகை) கெக், உள்ளே பேல் ஏல் வகை பீர், ஃப்ரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸ். கார்பன் டை ஆக்சைடு கேஸ் சீக்கிரம் கரையட்டும் என்று அவசரத்தில் 30 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வைத்து உருட்டிக் குலுக்கினேன்; மறுநாள் 12-க்கு இறக்கினேன். பீர் குழாய் 3/16 அங்குல உள்விட்டம், 1 மீட்டர் நீளம், நுனியில் கையால் அழுத்தும் பிளாஸ்டிக் டேப். முக்கால் கிளாஸ் நுரை. 4 பிஎஸ்ஐ-க்குக் குறைத்தால் இன்னும் மோசம், நுரை அடங்கிய பிறகு குடித்தால் சப்பென்று இருக்கிறது. கேஸ் சிலிண்டரின் அழுத்த மானியும் 800 பிஎஸ்ஐ-யிலிருந்து 550-க்கு இறங்கிவிட்டது. எங்காவது கசிகிறதா? அடுத்த தடவை எப்படிச் செய்வது?

ஹாப்ஸ்_தோட்டம்:
உங்களிடம் இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது.

முதலாவது, குலுக்கியது. 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ வைத்தால் பீரில் கரையும் கேஸ் ஏறக்குறைய 2.4 வால்யூம் (பீரின் கன அளவைப் போல் 2.4 மடங்கு கேஸ்), பேல் ஏலுக்கு அது சரியான அளவு. அதே குளிரில் 30 பிஎஸ்ஐ முழுதாகக் கரைந்தால் 4 வால்யூம் பக்கம் போய்விடும். குலுக்கும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாது, அதனால்தான் புதியவர்களுக்கு அந்த வழியை நான் சொல்வதே இல்லை.

இரண்டாவது, குழாய். 12 பிஎஸ்ஐ-யில் கிளம்பும் பீர், குழாயின் உராய்வில் வேகத்தை இழந்துதான் டேப்பை அடைய வேண்டும். 1 மீட்டரில் அது நடக்காது; வேகமாக வந்து டேப்பில் மோதி, கரைந்த கேஸ் எல்லாம் அங்கேயே பிரிந்துவிடும். 3/16 குழாய் என்றால் 3 மீட்டர் போடுங்கள். அடிக்கு 3 பிஎஸ்ஐ குறையும் என்ற அட்டவணையை நம்பி 4 அடி போதும் என்று கணக்குப் போடாதீர்கள். அது கடைகளில் வேகமாக ஊற்றும் ஓட்டத்துக்கான எண். வீட்டில் மெதுவாக ஊற்றுகிறோம், ஓட்டம் குறைந்தால் உராய்வும் குறையும். 4 மி.மீ. உள்விட்டக் குழாய் கிடைத்தால் பாதி நீளம் போதும்.

நுரை வருகிறதே என்று அழுத்தத்தைக் குறைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெளி அழுத்தம் குறைந்தால் பீரில் கரைந்திருக்கும் கேஸ் குழாய்க்குள்ளேயே குமிழாகப் பிரியும். அதனால்தான் நுரையும் கூடுகிறது, பீரும் சப்பிட்டுப் போகிறது.

இப்போதைக்கு கேஸ் இணைப்பைக் கழற்றுங்கள். மூடியில் இருக்கும் ரிலீஃப் வால்வை இழுத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். கெக் நிரம்பியிருந்தால் மெல்ல இழுங்கள், இல்லாவிட்டால் நுரை பீறிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, ஓரிரு நாள் இப்படிச் செய்துவிட்டு மறுபடி 12-ல் வையுங்கள். அதுவரை கேஸை மாட்டாதீர்கள்: கெக்குக்குள் அழுத்தம் அதிகம், ரெகுலேட்டரில் குறைவு, நடுவே செக் வால்வும் (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) இல்லை என்றால் பீர் பின்னோக்கி ஏறி ரெகுலேட்டரையே கெடுத்துவிடும்.

வால்வு_வாத்தியார்:
மானி விஷயத்துக்கு மட்டும் பதில். சிலிண்டரை ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருப்பீர்கள், சரிதானே? உள்ளே கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. அறை வெப்பத்தில் 800 சொச்சம் காட்டும், 4 டிகிரியில் 550 பக்கம். கடைசித் துளி திரவம் தீரும் வரை முள் அங்கேயே நிற்கும், தீர்ந்ததும் மளமளவென்று சரியும். எவ்வளவு மீதி என்று அறிய தராசுதான் வழி. 19 லிட்டருக்கு கேஸ் ஏற்றி, ஊற்றி முடிக்க 150 கிராம் சுற்றி ஆகும். 5 பவுண்டு சிலிண்டர் பத்துக்கு மேல் கெக் தாங்கும். ஒரே கெக்கில் காலியானால் நிச்சயம் கசிவு.

கசிவைப் பார்க்க சோப்புத் தண்ணீரை மூடி, போஸ்ட்கள் (கனெக்டர் மாட்டும் முனைகள்), ரெகுலேட்டர் நட் எல்லாவற்றிலும் தெளியுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சின்ன மூடிய அறையில் பெரிய கசிவு மூச்சடைக்கும், அலட்சியம் வேண்டாம்.

ஹாப்ஸ்_தோட்டம்:
அடுத்த தடவைக்கு: பழைய கெக் என்றால் ஐந்து ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) மாற்றுங்கள். மூடிக்கு 1, போஸ்ட்களுக்கு 2, உள்ளே இறங்கும் டிப் ட்யூப் என்ற குழாய்களுக்கு 2. முன்பு அதில் சோடா அடைத்திருந்தால் அந்த வாசனை ரப்பரில் ஊறியிருக்கும், கழுவினால் போகாது. பீர் பக்க டிப் ட்யூபின் குட்டி ஓ-ரிங் கிழிந்திருந்தால் கேஸ் நேராகப் பீரோடு கலந்து வரும். எந்த அழுத்தத்திலும் நுரைதான்.

கழுவிய பிறகு ஸ்டார் சான் என்ற கிருமிநாசினியை லிட்டருக்கு 1.5 மி.லி. கலந்து, கெக்கை விளிம்பு வரை நிரப்பி மூடி, கேஸால் தள்ளி டேப் வழியே முழுதும் வெளியேற்றுங்கள். கெக்கும் குழாயும் சுத்தமாகும், உள்ளே காற்றும் இருக்காது. அதற்குள் பீரை டிப் ட்யூப் வழியே அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள், சலசலப்பு கூடாது. ஆக்சிஜன் பட்ட பேல் ஏல் சில வாரங்களில் நனைந்த அட்டை மாதிரி ருசிக்கும். ஏற்றியதும் 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடி இறுகியதா பாருங்கள், வெளியேற்றுங்கள், 12-ல் வைத்து 10 முதல் 14 நாள் தொடாமல் விடுங்கள்.

பால் லாக்கில் சாம்பல் நிறக் கனெக்டர் கேஸுக்கு, கறுப்பு பீருக்கு. மாற்றி அழுத்தினால் சிக்கிக்கொண்டு கழற்றவே வராது.

பேஸ்மெண்ட்காரன்:
3 மீட்டர் போட்டேன், கேஸையும் இறக்கினேன். நன்றி, இப்போது நுரை இரண்டு விரல் உயரம்தான். முதல் கிளாஸில் மட்டும் பாதி நுரை வருகிறது, ஏன்?

வால்வு_வாத்தியார்:
டேப்பும் குழாயின் நுனியும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே இருந்தால் அங்கே தங்கிய பீர் சூடாகியிருக்கும். குழாயைச் சுருட்டி உள்ளேயே வையுங்கள். ஊற்றும்போது டேப்பை முழுதாகத் திறக்க வேண்டும். பாதி அழுத்தினால் அந்த இடுக்கிலேயே நுரைத்துவிடும். குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.