குழு பிரசன்டேஷன்: ஆளுக்கு மூன்று ஸ்லைடு என்று பிரித்தது தப்பா?

இரண்டாமாண்டு மாணவி:

வணக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் குழு ஓசோன் படலம் பற்றி வகுப்பில் பேச வேண்டும். நான்கு பேர், 12 நிமிடம், அப்புறம் கேள்வி நேரம். வரலாறு, வேதியியல், பாதிப்புகள் (இது நான்), மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்று ஆளுக்கு மூன்று ஸ்லைடு பிரித்துக்கொண்டோம். நேற்று எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிப் பார்த்தால் நான்கு தனித்தனிப் பேச்சு மாதிரி இருக்கிறது. சிஎஃப்சி (ஓசோனைச் சிதைக்கும் குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள்) என்றால் என்ன என்று மூன்று பேர் விளக்குகிறோம். கடைசியாகப் பேச வேண்டிய நண்பர் வேறு, "ஸ்லைடு எல்லாம் நானே செய்து தருகிறேன், பேச மட்டும் சொல்லாதீர்கள்" என்கிறார். ஆளாளுக்குத் தனி மதிப்பெண் இருப்பதால் அவரை விட்டுவிடவும் முடியாது. எங்கிருந்து சரிசெய்வது?

முதுகலை வேதியியல்:

கதை முடிவாகும் முன்பே வேலையைப் பிரித்தால் இப்படித்தான் வரும். எங்கள் குழுவுக்கும் இதேதான் நடந்தது. எனக்கு முன்னால் பேசியவர் என் முதல் ஸ்லைடில் இருந்த வரைபடத்தையும் சேர்த்தே விளக்கிவிட்டார். அவர் பகுதியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. எழுந்து நின்று, "அவர் சொன்ன மாதிரி..." என்று அதையே மறுபடி சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஸ்லைடுகளைக் கொஞ்சம் மூடிவையுங்கள். நான்கு பேரும் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள். உங்கள் தலைப்பில் அருமையான கேள்வி ஒன்று இருக்கிறது: சிஎஃப்சியில் பெரும்பகுதி வெளியானது வட அரைக்கோளத்தில். ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததோ அண்டார்டிகாவுக்கு மேலே. ஏன்?

முதலாமவர் சிஎஃப்சியை விளக்கிவிட்டு (இனி வேறு யாரும் அதைத் தொட வேண்டாம்), அது ஓசோனை அழிக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் எச்சரித்ததையும், 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவில் ஓட்டை பற்றி அறிவித்ததையும் சொல்லி, "ஆனால் ஏன் அங்கே?" என்று கேட்டுவிட்டு நகரட்டும். வேதியியல் பேசுபவர் அதற்குப் பதிலோடு வருவார்: காற்று அந்த வாயுக்களை உலகம் முழுக்கக் கலந்துவிடுகிறது. தென்துருவக் குளிர்காலத்தில் அடுக்குமண்டலத்தில் (ஓசோன் படலம் இருக்கும் உயரத்தில்) உருவாகும் மேகத் துகள்களின் மேல், அந்த வாயுக்களிலிருந்து வந்த குளோரின் வீரியமுள்ள வடிவத்துக்கு மாறுகிறது. வசந்தத்தில் வெயில் பட்டதும் ஓசோன் சிதைகிறது. அவர் "அந்தப் படலம் மெலிந்தால் தரையில் இருக்கும் நமக்கு என்ன?" என்று முடித்தால், புற ஊதாக்கதிர், தோல் புற்றுநோய், கண்புரை என்று நீங்கள் தொடங்கலாம். நீங்கள் "இதை நிறுத்த முடிந்ததா?" என்று முடித்தால் சிஎஃப்சியைக் கட்டுப்படுத்திய 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் தானாக வந்து நிற்கும்.

இந்த மூன்று இணைப்பு வாக்கியங்களை மட்டும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள். மற்றதெல்லாம் உங்கள் சொந்தச் சொல்லில் வரட்டும்.

ஒத்திகையை நின்றுகொண்டு, கடிகாரம் வைத்துச் செய்யுங்கள். உட்கார்ந்து வாய்க்குள் வாசிப்பது ஒத்திகை ஆகாது. பத்தரை நிமிடத்தில் முடிய வேண்டும். ஆள் மாறுவதும் மைக் கைமாறுவதும் மிச்சத்தைத் தின்றுவிடும். ஒரு தடவையாவது ஒருவர் பகுதியை இன்னொருவர் பேசிப் பாருங்கள். அன்றைக்கு ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் சமாளிக்கலாம்.

மைக் பயம் தெரிந்தவள்:

அந்த நண்பரைக் கடைசியில் நிறுத்தாதீர்கள், தங்கச்சி. நானும் அப்படி நடுங்கியவள்தான். பேசுவதைவிட என் முறைக்காகக் காத்திருந்த நிமிடங்களில்தான் தொண்டை வறண்டு போகும். அவரும் வரலாறு பேசுபவரும் இடம் மாறிக்கொள்ளட்டும். நடந்ததை வரிசையாகச் சொல்வது புதிதாகப் பேசுபவருக்கு எளிது.

கையில் ஏ4 தாள் வேண்டாம். கை நடுங்கினால் தாள் படபடக்கும், அந்தச் சத்தம் பயத்தை இரண்டு மடங்காக்கும். உள்ளங்கை அளவுக்குக் கெட்டி அட்டை, அதில் ஐந்தாறு சொல், போதும். அவர் பேசும்போது நீங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பாருங்கள். அடுத்து நாம் என்ன பேசுவது என்று சொந்தக் குறிப்பைப் புரட்டாதீர்கள். பகுதியை மாற்றிப் பேசுவது மற்ற மூவருக்குச் சரி, அவரை இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஸ்லைடு வேலை:

நான்கு கோப்புகளை ஒட்டாமல் ஒரே ஆள் ஒரே கோப்பில் எல்லாவற்றையும் கொண்டுவரட்டும். தமிழ் எழுத்துரு வேறு கணினியில் உடைந்துபோகலாம், அதனால் பிடிஎஃப் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும். பவர்பாயிண்ட்டில் ஸ்லைடு ஓடும்போது 'B' விசையைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும். "ஏன் அங்கே?" என்று கேட்கிற இடத்தில் அப்படிச் செய்தால் எல்லாரும் பேசுபவரைப் பார்ப்பார்கள்.

இரண்டாமாண்டு மாணவி:

இன்று மாலை உட்கார்ந்தோம். பழைய பன்னிரண்டு ஸ்லைடில் ஐந்து போய்விட்டது. நண்பர் முதலில் பேச ஒத்துக்கொண்டார், "ஆனால் ஏன் அங்கே?" என்பதை மட்டும் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். முதல் ஒத்திகை 14 நிமிடம் வந்தது. நாளை என் பகுதியில் வெட்டப் போகிறேன். கேள்வி நேரத்தில் யார் பதில் சொல்வது?

முதுகலை வேதியியல்:

அந்தப் பகுதியைப் பேசியவர் தொடங்கட்டும், மற்றவர் நடுவில் குறுக்கிடாமல் அவர் முடித்தபின் சேர்த்துக்கொள்ளுங்கள். 14 நிமிடத்தை உங்கள் பகுதியில் மட்டும் வெட்டிச் சரிக்கட்டாதீர்கள், நான்கு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் விடுங்கள்.