முன்வரும் அருள்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

மனிதன் கடவுளைத் தேடத் தொடங்கும் முன்பே கடவுளின் அருள் அவனைத் தேடி வந்துவிடுகிறது என்னும் கருத்துக்கு லத்தீன் இறையியலில் 'கிராத்தியா ப்ரெவேனியென்ஸ்' என்று பெயர். இதற்கு ஈடான தமிழ்ச் சொல்லைத் தேடும் நம் உரையாடலில் முன்வைக்கப்பட்ட 'முன்னருள்', 'முந்தும் கிருபை', 'எதிர்கொள் அருள்', 'ஆட்கொள்ளும் அருள்' ஆகிய நான்கையும் சில நாள்களாக வாக்கியங்களில் வைத்து எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் அழகு இருக்கிறது. ஆனாலும் நான்கில் ஒன்றையும் என்னால் முழு மனத்துடன் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணங்களைச் சொல்லி, ஐந்தாவதாக ஒரு சொல்லை உங்கள் ஆய்வுக்கு வைக்கிறேன்.

முதலில் இந்தச் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதன் தன் இயல்பான ஆற்றலாலேயே நன்மையைத் தேர்ந்து வாழ முடியும் என்ற பெலாகியு என்னும் துறவியின் கொள்கையை வட ஆப்பிரிக்க ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன் மறுத்தார்; 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களும் மறுத்தனர். பிறகு, மீட்பை நிறைவேற்றுவது அருள்தான் என்றாலும் அதற்கான முதல் அடியை மனிதனே எடுத்து வைக்கிறான் என்றொரு நடுவழி பேசப்பட்டது. 529இல் இன்றைய பிரான்சின் ஒராஞ்சு நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் அதையும் ஏற்கவில்லை. நம்பிக்கையின் தொடக்கமே, நம்ப வேண்டும் என்ற விருப்பமே, அருளின் கொடை என்று அது உரைத்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் 1524இல் கத்தோலிக்க அறிஞர் எராஸ்முசும் 1525இல் சீர்திருத்தவாதி லூத்தரும் எதிரெதிராக எழுதியபோதும், 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துச் சங்கம் மனிதன் நீதிமானாக்கப்படுவது பற்றிய தன் ஆணையை வகுத்தபோதும், 1618–19இல் நெதர்லாந்தின் தோர்த் நகரில் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபையினர் கூடி விதிகளை வகுத்தபோதும், பதினெட்டாம் நூற்றாண்டில் மெதடிஸ்டு இயக்கத்தின் ஜான் வெஸ்லி பிரசங்கித்தபோதும் வழக்கு வேறொரு புள்ளிக்கு நகர்ந்திருந்தது. அருள் முதலில் வருகிறது என்பதில் லூத்தருக்கும் திரெந்துக்கும் தோர்த்துக்கும் வெஸ்லிக்கும் வேறுபாடில்லை. வந்த அருளை மனிதன் தள்ளிவிட முடியுமா என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள்: முடியும் என்பது திரெந்தும் வெஸ்லியும், முடியாது என்பது தோர்த்.

ஆகவே நாம் ஆக்கும் சொல் இந்த வழக்கின் தீர்ப்பைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டு வரக் கூடாது. திரெந்தின் ஆணையை மொழிபெயர்ப்பவரும் தோர்த்தின் விதிகளை மொழிபெயர்ப்பவரும் ஒரே சொல்லைக் கையாள முடிய வேண்டும். அதற்கு ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். 'இந்த அருளை மனிதன் தள்ளிவிடலாம்' என்பது ஒரு வாக்கியம். 'இந்த அருளை மனிதன் தள்ள இயலாது' என்பது இன்னொரு வாக்கியம். நாம் தேர்ந்த சொல்லை இரண்டிலும் பொருத்தும்போது இரண்டுமே பொருளுள்ள வாக்கியங்களாக நிற்க வேண்டும். எது உண்மை என்பதை வாதம் தீர்மானிக்கட்டும்.

'ஆட்கொள்ளும் அருள்' இந்தச் சோதனையில் முதலிலேயே விழுந்துவிடுகிறது. தமிழின் பக்தி மரபு முழுவதும் ஒலிக்கும் சொல் அது. அதை இழக்க எனக்கும் மனமில்லை. ஆனால் ஆட்கொள்ளப்பட்டவன் ஏற்கெனவே ஆளாகிவிட்டான். 'ஆட்கொள்ளும் அருளை மனிதன் தள்ளிவிடலாம்' என்று எழுதினால் வாக்கியம் தன்னையே மறுக்கிறது. வெஸ்லியின் பிரசங்கத்தை இந்தச் சொல்லால் மொழிபெயர்த்தால் அவரை அவருடைய எதிர்த்தரப்பில் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம்.

ஒரு வினைச்சொல் எவ்வளவு தூரம் வழக்கைச் சாய்த்துவிடும் என்பதற்கு நம் திருமறை மொழிபெயர்ப்புகளே சான்று. யோவான் 6:44 பழைய மொழிபெயர்ப்பில் 'என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்' என்று அமைந்துள்ளது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் இணைந்து செய்த பொது மொழிபெயர்ப்போ தந்தை 'ஈர்த்தாலொழிய' என்கிறது. இழுக்கப்படுவது தன் விருப்பத்துக்கு மாறாகவும் வரலாம். ஈர்க்கப்படுவது விருப்பத்தோடுதான் வரும். கிரேக்க மூலத்தில் உள்ள வினையோ, அதே நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் மீன் நிறைந்த வலையைக் கரைக்கு இழுப்பதற்கும் ஆளப்படுகிறது. இரு மொழிபெயர்ப்புக் குழுவினரும் நேர்மையாகவே உழைத்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இந்த வசனத்தைத் தமிழில் மட்டும் படிக்கும் ஒருவர், தம் கையில் உள்ள நூல் எதுவோ அதன் பக்கமே சாய நேரும்.

'எதிர்கொள் அருள்' என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நானே முதலில் அதன் பக்கம்தான் இருந்தேன். ப்ரெவேனியென்ஸ் என்ற லத்தீன் சொல் அகுஸ்தீனுக்குச் சங்கீதத்திலிருந்து கிடைத்தது. ஏறத்தாழ 421இல் எழுதிய 'கையேடு' என்னும் நூலில் அவர் இரண்டு சங்கீத அடிகளை அருகருகே வைக்கிறார். ஒன்றில் கடவுளின் இரக்கம் முன்னே வருகிறது. மற்றொன்றில் அது பின்தொடர்கிறது. விரும்பாதவனை விரும்பச் செய்வதற்காக முன்னே வருகிறது, விரும்புகிறவனின் விருப்பம் வீணாகாதபடி பின்தொடர்கிறது என்பது அவர் தரும் விளக்கம். தமிழ் வேதாகமத்தில் இந்த முதல் அடி 59ஆம் சங்கீதத்தின் 10ஆம் வசனம்: 'என் தேவன் தம்முடைய கிருபையினால் என்னைச் சந்திப்பார்.' இரண்டாவது நம் எல்லாருக்கும் மனப்பாடமான 23ஆம் சங்கீதத்தின் இறுதி வசனம்: 'நன்மையும் கிருபையும் என்னைத் தொடரும்.' எபிரேய மூலத்தில் முதல் அடியின் வினை, எதிரே வந்து சந்திப்பதையும் முந்தி வருவதையும் ஒருசேரக் குறிப்பது. நம் 'முன்' போலவே அதன் வேரும் இடத்தால் முன்னிருப்பதையும் காலத்தால் முற்பட்டதையும் சுட்டுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சந்திப்பைத் தேர்ந்தார்கள். அப்படியானால் 'எதிர்கொள்' நம் வேதாகமத்தோடு ஒத்துப்போகும் சொல் அல்லவா என்று நினைத்தேன். இயேசு சொன்ன உவமையில், வீட்டை விட்டுப் போன கெட்ட குமாரன் திரும்பி இன்னும் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிச் சென்று கழுத்தைக் கட்டிக்கொண்ட காட்சியும் கண்முன் நின்றது.

அந்தக் காட்சிதான் என் எண்ணத்தை மாற்றியது. மகன் புறப்பட்டுவிட்டான், வந்துகொண்டிருக்கிறான், அதன் பிறகே தகப்பன் எதிர்கொள்கிறான். தமிழில் விருந்தினரை எதிர்கொண்டு அழைக்கிறோம் என்றால் விருந்தினர் ஏற்கெனவே வழியில் இருக்கிறார் என்று பொருள். எனவே 'எதிர்கொள் அருள்' என்னும் தொடர், மனிதன் முதலில் எழுந்து வருகிறான், அருள் பாதி வழியில் அவனைச் சந்திக்கிறது என்ற கருத்தைத் தன்னையறியாமலே கற்பித்துவிடும். ஒராஞ்சுச் சங்கம் மறுத்தது இதைத்தான். மேலும், இன்றைய எழுத்துத் தமிழில் எதிர்கொள்ளுதல் என்பது பெரும்பாலும் சிக்கலையும் எதிர்ப்பையும் சமாளிப்பதற்கே வழங்குகிறது. விருந்தோம்பலின் பொருள் மங்கிவருகிறது.

மற்ற இரண்டையும் விரைவாகவே சொல்லிவிடலாம். 'முந்தும் கிருபை' என்பதில் ஓட்டப்பந்தயத்தின் சாயல் இருக்கிறது. மனிதனும் அருளும் போட்டியிடுவதாகவும் அருள் வென்றுவிடுவதாகவும் காதுக்குப் படுகிறது. 'முன்னருள்' சுருக்கமானது, ஆனால் பழைய அருள், முன்பொரு காலத்தில் தரப்பட்டு முடிந்த அருள் என்ற பொருளையே முதலில் தருகிறது. அதோடு, ரோமர் 8ஆம் அதிகாரத்தின் வழியாக 'முன்னறிதல்', 'முன்குறித்தல்' என்னும் சொற்கள் வேறொரு கோட்பாட்டுக்கு உரியவையாக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டன. அவற்றின் பக்கத்தில் 'முன்னருள்' என்று ஒன்றை வைத்தால், படிப்பவர் அதையும் முன்குறித்தலின் ஒரு பகுதியாகவே எண்ணுவார். ஆங்கிலத்தின் வழியாக வருபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலும் வெஸ்லியின் பிரசங்கங்களிலும் வரும் 'பிரிவென்ட்' என்ற வினைக்கு அக்காலத்தில் முன்னே வருதல் என்ற பொருளும் இருந்தது; இன்றைய பொருளைக் கொண்டு 'தடுக்கும் கிருபை' என்று மொழிபெயர்த்தால் கருத்து தலைகீழாகிவிடும்.

நான் முன்மொழிவது 'முன்வரும் அருள்'. ப்ரே என்றால் முன், வெனீரே என்றால் வருதல். ஆகவே லத்தீனின் உறுப்புகளோடு இது எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. ஆனால் அதற்காக மட்டும் இதை நான் தேர்ந்திருக்க மாட்டேன். 'உதவ முன்வந்தார்', 'பொறுப்பேற்க முன்வந்தார்' என்று நாம் நாள்தோறும் சொல்லும் 'முன்வருதல்', ஒருவர் வற்புறுத்தலின்றித் தம் விருப்பத்தாலேயே பிறருக்காகச் செயல்படத் தொடங்குவதைக் குறிக்கிறது. அருள் காலத்தால் முதலில் வருகிறது என்பதோடு, மனிதனின் தகுதி எதுவும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை, கடவுளே தம் உரிமையில் முதல் அடி வைக்கிறார் என்பதும் இந்த ஒரு வினைக்குள் இருக்கிறது. லத்தீன் சொல்லைவிட இது ஒரு படி மேலே செல்கிறது என்றே நினைக்கிறேன். முன்வருபவர் பொதுவாக ஆள், பொருள் முன்வருவதில்லை. அருளை ஏதோ ஊட்டப்படும் மருந்தைப் போலப் பேசும் பழக்கத்துக்கும் இந்த வினை இடம் தராது.

சோதனை வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். 'முன்வரும் அருளை மனிதன் தள்ளிவிடலாம்': உதவ முன்வந்தவரை மறுத்துவிடுவது நாம் அறிந்ததே. 'முன்வரும் அருளை மனிதன் தள்ள இயலாது': இதுவும் முரணின்றி நிற்கிறது; முன்வருபவர் எத்தகையவர் என்பதைப் பொறுத்து அது உண்மையாகலாம். அப்போஸ்தலர் 7:51இல் 'பரிசுத்த ஆவிக்கு எப்பொழுதும் எதிர்த்து நிற்கிறீர்கள்' என்று ஸ்தேவான் சொல்வதை முதல் தரப்பினர் காட்டட்டும். பிலிப்பியர் 2:13ஐ, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்பதை, இரண்டாம் தரப்பினர் காட்டட்டும். சொல் இருவருக்கும் பொது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் ஒன்று மிகவும் வலுவானது. நற்செய்திக் கூட்டங்களில் 'ஒப்புக்கொடுக்க முன்வாருங்கள்' என்று அழைப்பது வழக்கம். அங்கே முன்வருபவன் மனிதன். அவ்வழக்கில் தோய்ந்தவர்களின் காதில் 'முன்வரும் அருள்' என்பது, முன்வருகிறவர்களுக்குக் கிடைக்கும் அருள் என்று பிழையாக விழக்கூடும். இதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எனினும் பெயரெச்சம் நேராக அருளையே தழுவி நிற்பதால், தொடரின் அமைப்பு அந்தப் பிழைக்கு இடந்தரவில்லை. மனிதன் முன்வருவதற்கு முன்பே அருள் முன்வந்திருந்தது என்று கற்பிக்க ஆசிரியருக்கு இது வாய்ப்பாகவும் அமையும். இதைப் பெயராக்கி 'முன்வருகை அருள்' என்று மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 'வருகை' கிறிஸ்துவின் வருகைக்கு உரிய சொல்லாகிவிட்டது.

நிர்ஹேதுக கிருபை என்னும் வைணவச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்ட நண்பருக்கு ஒரு சொல். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வது, குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வது ஆகிய உவமைகளோடு அந்த மரபு இதே கேள்வியை ஆழமாக ஆராய்ந்திருக்கிறது, கற்கத்தக்கது. ஆனால் அந்தச் சொல் அருளுக்குக் காரணம் இல்லை என்பதைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது அருளின் முன்மை. இரண்டும் உறவுடையவை, ஒன்றல்ல.

அருளா, கிருபையா என்ற விவாதத்தை நாம் இங்கே முடிக்க வேண்டியதில்லை. பழைய கத்தோலிக்க ஞானோபதேசங்களில் இஷ்டப்பிரசாதம் என்று இருந்தது இன்று அருள் ஆகியிருக்கிறது. புராட்டஸ்டண்ட் வழக்கில் கிருபை வேரூன்றிவிட்டது. அருள் சைவச் சொல் என்பதால் தவிர்க்க வேண்டும் என்ற கருத்தை மட்டும் என்னால் ஏற்க இயலாது. 'அவன் அருளாலே அவன் தாள் வணங்கி' என்ற அடியைக் கேட்டு வளர்ந்த காது, வணக்கமே அருளால் பிறக்கிறது என்பதை முன்னமே அறிந்திருக்கிறது. அதை இழப்பாகக் கருத எனக்குக் காரணம் தெரியவில்லை. எவ்வாறாயினும், முன்வரும் அருள், முன்வரும் கிருபை இரண்டும் இயல்பாகவே ஒலிக்கின்றன.

கடைசியாக, இதன் இணைச்சொல்லையும் கூடவே முடிவு செய்தால் நல்லது. மனிதன் தானே தேர்ந்துகொள்ளும் திறனைக் குறித்து லத்தீனில் 'லீபெரும் அர்பீத்ரியும்' எனப்படுவதைச் 'சுயசித்தம்' என்றால், பிரசங்க வழக்கில் அது கீழ்ப்படியாத பிடிவாதத்தின் பெயராகிவிட்டது. 'சுயாதீனம்' என்றால், கலாத்தியர் 5:1இலும் ரோமர் 8:21இலும் அது கிறிஸ்துவால் வரும் விடுதலையைக் குறிக்கிறது. அகுஸ்தீன் இந்த இரண்டையும் வேறுபடுத்துகிறார்: வீழ்ச்சிக்குப் பின்னும் தேர்ந்துகொள்ளும் ஆற்றல் மனிதனிடம் எஞ்சியிருக்கிறது, நன்மையைத் தேர்ந்து அதில் நிலைக்கும் விடுதலையோ போய்விட்டது. எஞ்சியதற்குத் 'தெரிவாற்றல்' என்றும், இழந்து அருளால் திரும்பப் பெறுவதற்குச் 'சுயாதீனம்' என்றும் வைத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். லூத்தரின் 1525ஆம் ஆண்டு நூலின் தலைப்பும் அப்போது 'அடிமைப்பட்ட தெரிவாற்றல்' என்று முரணின்றி அமையும்; 'அடிமைப்பட்ட சுயாதீனம்' என்று எழுத முடியாது அல்லவா.

திரெந்து ஆணையின் ஐந்தாம் அதிகாரக் கருத்தை இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன்: 'வயதுவந்தோர் நீதிமானாக்கப்படுவதன் தொடக்கம் இயேசு கிறிஸ்துவின் வழியாகக் கடவுளின் முன்வரும் அருளிலிருந்தே வருகிறது, அவ்வருளால் தொடப்பட்ட மனிதன் தன் தெரிவாற்றலால் அதற்கு இசைகிறான், அவன் அதைத் தள்ளவும் கூடும்.' தோர்த்தின் விதிகளில் இணையான பகுதி ஒன்றை எவரேனும் இதே சொற்களில் எழுதி அனுப்பினால், எங்கே இடறுகிறது என்பது தெரியும். பின்தொடரும் அருள், உடன்செயலாற்றும் அருள் ஆகியவற்றை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.