உடற்பிம்பமா, உடற்படிமமா? நடன மாணவியர் வினாத்தாளுக்கான சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

பரதநாட்டியம் பயிலும் பெண்கள் தங்கள் உடலையும் எடையையும் எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அளக்கும் வினாத்தாள் ஒன்று தமிழாகிறது. பாடி இமேஜ், பாடி ஸ்கீமா, வெயிட் பெர்செப்ஷன், பாடி டிஸ்ஸாட்டிஸ்ஃபாக்‌ஷன் ஆகிய நான்குக்கும் சொல் வேண்டும்.

முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஸ்கீமா 1911-இல் ஹெட், ஹோம்ஸ் என்ற நரம்பியலாளர்கள் எழுதியது. கண்ணை மூடியிருந்தாலும் கை எங்கே, கால் எங்கே என்று உடல் தானே வைத்திருக்கும் கணக்கு. கைகளைத் தோள் மட்டத்தில் விரித்து நிற்கும் நாட்டியாரம்பத்தில் முழங்கை இறங்கிவிட்டதைக் கண்ணாடி பார்க்காமலே உணர்வது இதனால்தான். இமேஜ் என்பதை உளமருத்துவர் பால் ஷில்டர் 1935-இல் நூலாகவே விரித்தார்: தன் உடலைப் பற்றி மனத்தில் இருக்கும் சித்திரம், அதோடு ஒட்டிய விருப்பு வெறுப்பு எல்லாம் சேர்ந்தது. முழங்கையை இம்மி பிசகாமல் உணரும் பெண்ணே தன் இடுப்பை உள்ளதைவிட அகலமாக நினைத்திருக்கலாம்.

என் முன்மொழிவு: உடற்பிம்பம், உடற்சட்டகம், எடைப் புலனுணர்வு, உடல் அதிருப்தி.

செ.

—

> உடற்பிம்பம்

செ. ஐயா, உடற்சட்டகம் நன்று. பிம்பம் வேண்டாம். சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த கூடத்தில் ஆடுகிறவளிடம் பிம்பம் என்றால் எதிரே தெரிவதைத்தான் நினைப்பாள். நாம் கேட்பது கண்ணாடியை விட்டு வந்த பிறகும் அவளோடு வருவதை.

'மெய்' சேர்த்து யாரும் ஆக்கிவிடாதீர்கள். பள்ளி இயற்பியலில் திரையில் பிடிக்கக்கூடியது மெய்பிம்பம். 'மெய்ப்படிமம்' என்றால் உண்மையான படிமம் என்று பொருள்பட்டு, நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிராகிவிடும். மெய்ப்பாடு தொல்காப்பியத்திலேயே எடுத்தாகிவிட்டது, அதுவும் ஆடற்கலைக்காரர்கள் நித்தம் புழங்கும் பொருளில்: உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது.

படிமம் என்று வைக்கலாம். ஆனால் முன்னால் 'தன்' வர வேண்டும். நடன மாணவியின் உடலை மூன்று பேர் பார்க்கிறார்கள்: அவள், ஆசிரியர், அவையோர். வெறும் 'உடற்படிமம்', 'உடல் தோற்றம்' என்று கேட்டால் அவையோர் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்ற பதிலும் கலந்துவிடும். மாதவியைச் சொல்லும்போது 'ஆடலும் பாடலும் அழகும்' மூன்றிலும் ஒன்று குறையாமல் என்கிறார் இளங்கோ. அந்த அழகு அவையின் கண்ணில் உள்ளது. இங்கே தேவை அவள் கண். ஆகவே தன்னுடற்படிமம்.

ந.

—

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பௌதிகப் புத்தகங்களில் விம்பம் என்றுதான் இருக்கும், ஆகவே பிம்பம் என்று வைத்தால் ஒரே சொல் இரண்டு எழுத்தில் நிற்கும். படிமம் இரு கரைக்கும் பொது.

> எடைப் புலனுணர்வு

இது சிக்கல். பெர்செப்ஷனுக்கு எங்கட உளவியல் நூல்களில் புலக்காட்சி வழங்குகிறது. ஆனால் புலனுணர்வு, புலக்காட்சி எதை ஒட்டினாலும் வேறொரு பழைய பொருள் முந்திக்கொண்டு நிற்கும். கையில் தூக்கிய இரண்டு குண்டுகளில் எது பாரம் என்று அறிவதும் வெயிட் பெர்செப்ஷன்தான். ஜெர்மன் உடலியலாளர் வெபர் 1834-இல் எழுதியது அதைப் பற்றி. இங்கே மாணவி எதையும் தூக்கவில்லை, புலன் எதுவும் வேலை செய்யவில்லை. 'நான் எடை குறைவு, சரியான எடை, எடை கூட' என்று தன்னை ஒரு வகுப்பில் போடுகிறாள். அது கணிப்பு. தன்னெடைக் கணிப்பு என்பேன். அளந்த எடை எந்த வகுப்பில் விழுகிறதோ அதைவிட மேலே போட்டால் மிகைக்கணிப்பு, கீழே போட்டால் குறைக்கணிப்பு. 'மிகை எடை' என்ற சொல்லோடு குழம்பாது.

த.

—

கணிப்பு பொருந்துகிறது. அளவீட்டுப் பக்கத்திலிருந்து சில சொல்ல வேண்டும்; சொல் சரியாக இருந்தும் அட்டவணை தவறினால் பயனில்லை.

மிகைக்கணிப்பு என்று முத்திரை குத்துமுன் அளந்த வகுப்பு சரியா என்று பார்க்க வேண்டும். 15 வயது, 156 செ.மீ., 44 கிலோ என்றால் பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 18.1. பெரியவர்களுக்கான 18.5 கோட்டை வைத்தால் அவள் எடை குறைந்தவள். 'சரியான எடை' என்று அவள் எழுதியது மிகைக்கணிப்பாகப் பதிவாகும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரை வயதுவாரி அட்டவணையை 2007-இலேயே தந்துவிட்டது. 15 வயதுப் பெண்ணுக்கு மெலிவின் எல்லை 16-ஐ ஒட்டி இருக்கிறது. அவள் சொன்னது சரி, அட்டவணைதான் தப்பு. அரங்கேற்ற வயதுப் பெண்கள் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் வருவதால், இந்த ஒரு பிழையே ஆய்வின் முடிவைத் திருப்பிப்போட்டுவிடும். மேல்பக்கமும் கவனம் தேவை: வயது வந்த இந்தியர்களுக்கு எடை கூடுதல் என்று சொல்ல 25-க்குப் பதில் 23-ஐக் கோடாக வைக்கும் வழக்கம் உண்டு. எதை எடுத்தார்கள் என்று எழுதாத கட்டுரைகளை ஒப்பிடவே முடியாது.

அளக்கும் முறை: கேள்வி முதலில், எடை பிறகு. எண்ணைப் பார்த்துவிட்டவள் கணிக்க மாட்டாள், எண்ணுக்குத் தக்க பதில் எழுதுவாள். சலங்கையைக் கழற்றச் சொல்லுங்கள். கொண்டையையும் அவிழ்க்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு உயரம் 1 செ.மீ. கூடினாலே பி.எம்.ஐ. 0.2 குறைந்துவிடும். இயந்திரத்தின் எண் மாணவிக்கும் பின்னால் நிற்பவளுக்கும் தெரியாதபடி திருப்பி வையுங்கள்.

அடுத்து, ஒன்பது உருவ வரிசை. ஸ்டங்கார்ட் குழு 1983-இல் தந்தது, மெலிந்ததிலிருந்து பருத்தது வரை கோட்டுச் சித்திரம். 'இப்போது நீ' 5, 'நீ விரும்புவது' 3 என்றால் வேறுபாடு +2. இந்த எண்ணைத்தான் டிஸ்ஸாட்டிஸ்ஃபாக்‌ஷன் என்கிறார்கள். அதிருப்தி வழக்கில் இருக்கிறது, ஆனால் 'உடல் அதிருப்தி' உடலுக்கே ஏதோ திருப்தியில்லை போல ஒலிக்கிறது. நடனத்துக்கென்று மூன்றாவது கேள்வியும் சேர்க்கலாம்: 'உன் ஆசிரியர் விரும்புவதாக நீ நினைக்கும் உருவம் எது?' விரும்புவது 4, ஆசிரியருக்காக 2 என்று வந்தால் அழுத்தம் எங்கிருந்து என்று அங்கேயே தெரிந்துவிடும். ந. சொன்ன 'தன்' இதற்காகவே வேண்டும்.

மா.

—

மா. அம்மா சொன்ன மூன்றாவது கேள்விக்கு ஒரு வழிமொழிதல். ஒல்லியான உடல்தான் மரபு என்று சாதிப்பவர்களுக்கு: அபிநய தர்ப்பணம் என்ற பழைய வடமொழி நாட்டிய நூல் ஆடத் தகாதவர் பட்டியலில் மிகப் பருத்தவளையும் மிக மெலிந்தவளையும் சேர்த்தே வைக்கிறது. (அந்தப் பட்டியல் முழுவதையும் இன்று யாரும் ஏற்க வேண்டியதில்லை, அது வேறு.)

டிஸ்ஸாட்டிஸ்ஃபாக்‌ஷனுக்கு 'உடற்குறை' என்று சுருக்கிவிடாதீர்கள், மாற்றுத்திறனைக் குறிக்கும் பழஞ்சொல்லாக வாசிக்கப்படும். மனக்குறை இருக்கிறதே! தன்னுடல் மனக்குறை. குறை மனத்தில் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

ந.

—

தன்னுடற்படிமம், உடற்சட்டகம், தன்னெடைக் கணிப்பு, தன்னுடல் மனக்குறை: நான்கையும் ஏற்கிறேன். ஆனால் இவை ஆய்வேட்டுக்கும் அட்டவணைக்கும். மாணவி கையில் தரும் தாளில் ஒன்றும் வேண்டாம். 'உன் உடம்பு உனக்கு எப்படித் தெரிகிறது?' போதும்.

விடைக் கட்டங்களில்தான் கவனம். 'ஒல்லி, நடுத்தரம், குண்டு' என்று போட்டால் குண்டுக்கு எதிரே யாரும் குறியிட மாட்டார்கள், அது வசைச்சொல். 'பூசினாற்போல' என்பதைச் சேர்த்தால் அங்கே குவிவார்கள், ஏனென்றால் அது பாராட்டும்கூட. இரண்டுமே அளவைக் கெடுக்கும். 'எடை கூட', 'எடை குறைவு' என்று உணர்ச்சியில்லாமல் வைப்பதே சரி. வேற்றுநாட்டுத் தாளில் உடலை ஒட்டிய பயிற்சி உடை பற்றிய கேள்வி இருக்கும். இங்கே அதற்கு ஈடு தையற்காரர் அளவெடுக்கும் நாளும், ஒட்டியாணம் பூட்டும் நேரமும். 'ஆடை சேர வேண்டுமே என்று சாப்பாட்டைக் குறைத்தது உண்டா?' என்று நேரே கேட்கலாம்.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராத பெண் இருந்தால் அது மதிப்பெண்ணில் சேராது. பி.எம்.ஐ. சரியாகவே இருந்தாலும் ஆடும் அளவுக்குச் சாப்பாடு போதாதபோது இப்படி நிற்பதுண்டு, எலும்பும் வலுவிழக்கும். அந்தக் கேள்வியைத் தனித்தாளில் வைத்து, 'ஆம்' என்றவரை அன்றே மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்துவிட்டுத்தான் வினாத்தாளைக் கூடத்துக்குள் கொண்டுபோக வேண்டும்.

செ.

—

ஒரு சின்னத் திருத்தம். அட்டவணைத் தலைப்பில் 'தன்னெடை மிகைக்கணிப்பு' கட்டத்துக்குள் அடங்காது. மிகைக்கணிப்பு, குறைக்கணிப்பு, ஒத்த கணிப்பு என்று மூன்று பத்திகள் போதும். 'தன்னெடை' மேலே ஒருமுறை வந்தால் சரி. ஆங்கிலத் தாளைத் தெரியாத ஒருவரைக் கொண்டு தமிழ்த் தாளைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பாருங்கள். 'படிமம்' ஸ்டாச்யூ ஆகித் திரும்பினால் இந்த இழையை மறுபடி திறக்கலாம்.

த.