‘28 வைத்தால் தரம் குறையாது’ என்பவர்களுக்கு

கோத்தகிரிக் கேமரா:
“எச்.265இல் சிஆர்எஃப் 28 வையுங்கள், வீடியோ அளவு பாதியாகிவிடும், தரம் துளியும் குறையாது” என்று குன்னூர்க்காரர் நேற்று எழுதினார். எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கும் முறை; சிஆர்எஃப் அதில் நாம் வைக்கும் தர எண், எண் கூடக் கூடக் கோப்பு சிறுக்கும், தரமும் இறங்கும். அதை நம்பி, பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவின் 40 நிமிட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தேன். வெள்ளை உடுத்தி வரிசையாக வரும் பெரியவர்களுக்குப் பின்னால் இருந்த மூடுபனி, மாடிப்படிபோலப் பட்டை பட்டையாக நிற்கிறது. போர்வையின் ஓரம் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. இதற்குப் பெயர் தரம் குறையாததா?

குன்னூர்க்காரன்:
எச்.265இல் சுருக்கித் தரும் எக்ஸ்265 மென்பொருளின் இயல்பான எண்ணே 28தான். பழைய எச்.264 முறைக்கான எக்ஸ்264இல் 23 தரும் படத்தை ஏறத்தாழப் பாதி அளவில் அது தரும். மலைரயில் ஹில்குரோ நிலையத்தைத் தாண்டி ஏறுவதை அப்படித்தான் சுருக்கினேன். பார்த்தவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. எடுக்கத் தெரிய வேண்டும்.

கோத்தகிரிக் கேமரா:
எனக்கு எடுக்கத் தெரியாதா? பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பனியில்தான் எடுக்கிறேன். உங்கள் ரயிலில் புகையும் இலையும் ஓடுகின்றன. ஓட்டத்தில் குறை மறைந்துவிடும். அசையாத பனியில் எங்கே மறையும்? 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைதான். பனி அதில் ஒரு சிறு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. அந்த நுண்ணிய வேறுபாட்டைத்தான் உங்கள் 28 முதலில் வழித்தெறிகிறது. 20க்கு இறக்கி, படிநிலை கூடிய 10 பிட்டில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன். பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆகவே 28 தவறு.

கூடலூர் எடிட்டர்:
கோப்பின் அளவு என்பது பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக்கு ஆகும் தரவை, நேரத்தால் பெருக்குவது. நொடிக்கு 8 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 60 மெகாபைட், 40 நிமிடத்துக்கு 2.4 ஜிகாபைட். எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்குக் கணக்குப் போட்டு இரண்டு பாஸில் (முதல் சுற்றில் அலசி, அடுத்த சுற்றில் சுருக்கி) எக்ஸ்போர்ட் செய்தால் இந்தச் சண்டையே வராது.

கோத்தகிரிக் கேமரா:
பிட்ரேட்டை யார் கேட்டார்கள்? நான் கேட்பது 28ஐப் பற்றி.

குன்னூர்க்காரன்:
20 வைத்த கோப்பு எத்தனை ஜிபி? அதை மட்டும் சொல்லவில்லையே.

கோத்தகிரிக் கேமரா:
2.9. உங்கள் 28 தந்தது 1.1. இணையத்தில் ஏற்ற விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இருக்கட்டும். எங்கள் தெய்வத்தின் திருவிழாவைப் பட்டை பட்டையாக ஊருக்குக் காட்ட மாட்டேன்.

லவ்டேல் மாணவி:
அண்ணா, நீங்கள் கொடுத்த பென் டிரைவ் எங்கள் பழைய டிவியில் ஓடவில்லை. ஒலி மட்டும் வந்தது. பாட்டி காத்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

குன்னூர்க்காரன்:
பார்த்தீர்களா! முதலில் ஓடுகிற கோப்பைக் கொடுங்கள், பிறகு எனக்குப் பாடம் எடுக்கலாம்.

கோத்தகிரிக் கேமரா:
தங்கச்சி, அந்த டிவிக்கு எச்.265 தெரியாது. பாட்டிக்கு எச்.264இல் தனியாகப் போட்டு நாளை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். குன்னூர்க்காரரே, எச்.265 என்று சொன்னதும் நீங்கள்தானே? பாடம் எடுப்பதைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். போன வருடம் வாங்கிப்போன டிரைபாடை ஒரு கால் வளைந்து திருப்பித் தந்தவர் நீங்கள்.

குன்னூர்க்காரன்:
அது வாங்கும்போதே வளைந்திருந்தது. அன்றே சொன்னேன்.

கூடலூர் எடிட்டர்:
கால் கிடக்கட்டும். உங்கள் கேமராவே 8 பிட்தானே? பிறகு 10 பிட்டில் எக்ஸ்போர்ட் செய்து என்ன பயன்?

கோத்தகிரிக் கேமரா:
பயன் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன். சுருக்கும்போது வரும் பிழை குறைகிறது. 12ஆம் நிமிடத்தில் நிறுத்திப் பாருங்கள்: முன்னால் நிற்கும் முதியவரின் தலைப்பாகை மடிப்பு 20இல் மூன்றாகத் தெரிகிறது, 28இல் ஒரே வெள்ளை.

குன்னூர்க்காரன்:
பார்த்தேன். என் திரையில் இரண்டிலும் மூன்று மடிப்புதான்.

கோத்தகிரிக் கேமரா:
செல்போனில் பார்த்தீர்களா?

குன்னூர்க்காரன்:
எதில் பார்த்தால் என்ன? 28 போதும்.

கோத்தகிரிக் கேமரா:
போதாது. டிரைபாட் காலுக்கு எப்போது பணம் தருவீர்கள்?